உள்கதவு வாங்கும் முன் நிலையைப் பாருங்கள்

தலைவாசல் நிலைக்கு, அதாவது கதவைத் தாங்கும் சட்டத்துக்கு, நாள் பார்த்து, அடியில் நவதானியமும் காசும் வைத்து, மாலை சாத்தி நிறுத்துகிறோம். அதே வீட்டின் உள்ளறைகளுக்கு வரும்போது கையில் காசு தீர்ந்திருக்கும். மிச்சம் இருப்பதில், கடையில் கண்ணுக்கு அழகாகப் பட்ட கதவை எடுத்து வந்து மாட்டச் சொல்வார்கள். தலைவாசலை ஒரு நாளில் எத்தனை முறை திறக்கிறோம்? குளியலறைக் கதவையும் படுக்கையறைக் கதவையும் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை யாராவது ஒருவர் திறந்து மூடிக்கொண்டேதான் இருக்கிறார். வீட்டில் அதிகம் உழைப்பது உள்கதவுதான். அதை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்து ஒழுங்காக மாட்டினால் அடுத்த இருபது வருடத்துக்கு அதைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை.

நான் தச்சு வேலை செய்பவன், கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம். எங்களுக்கு ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை. வருடத்துக்கு இரண்டு முறை மரம் ஈரம் குடிக்கும், இரண்டு முறை காயும். ஒரு கதவு சரியாகச் செய்யப்பட்டதா இல்லையா என்று இந்த ஊர் மழை ஒரே வருடத்தில் காட்டிவிடும். அதனால் நான் சொல்வது கொஞ்சம் கறாராகவே இருக்கும். மதுரை, கோவை மாதிரிக் காய்ந்த ஊர்க்காரர்களுக்கு இதில் சில விஷயம் கூடுதலாகத் தோன்றலாம். சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடி என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கில் கதவுக்கான காசை இந்த வரிசையில் செலவிட வேண்டும்: முதலில் நிலை, அடுத்து கீல், அப்புறம் கதவுப் பலகை, பிறகு பூட்டு. மேல்பூச்சும் டிசைனும் கடைசி. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஒட்டுகிற கதவு, தானாகத் திறந்துகொள்ளும் கதவு, தாழ்ப்பாள் விழாத கதவு என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலும் கதவுப் பலகையில் கோளாறு இருக்காது. நிலை தூக்கு தவறி, செங்குத்தாக நிற்காமல் இருக்கும், அல்லது கீல் மட்டரகமாக இருக்கும்.

அளவு: பிளானில் இருப்பதும் கையில் கிடைப்பதும்

பிளானில் படுக்கையறைக் கதவு 3 அடிக்கு 7 அடி என்று போட்டிருப்பார்கள். அது நிலையின் வெளி அளவு. நிலைச்சட்டம் 3 அங்குலம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 6 அங்குலம் போய்விடும். மிச்சம் 30 அங்குலம். கதவு முழுக்கத் திரும்பாமல் 90 டிகிரியில் நின்றால் அதன் தடிமன் இன்னும் ஒன்றேகால் அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, 3 அடிக் கதவு என்று நம்பிய வழியில் ஆள் போக இருப்பது 29 அங்குலத்துக்கும் குறைவு. கட்டிலும் பீரோவும் உள்ளே போகாமல் ஹாலில் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

குளியலறைக்கு இரண்டரை அடி போடுவது வழக்கம். கழித்துப் பார்த்தால் 24 அங்குலம். இளவட்டங்களுக்கு அது போதும். சென்ற வருடம் ஒரு வீட்டில் பாட்டிக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து வாக்கரோடு வீட்டுக்கு வந்தார். வாக்கரை நேராகப் பிடித்தால் நிலையில் இடிக்கும். பக்கவாட்டில் திருப்பி, ஒரு காலை உள்ளே வைத்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, ஈரத் தரையில் அவர் நுழைவதைப் பார்க்கவே பயமாக இருந்தது. சுவரை உடைத்து நிலையை மாற்றிக் கொடுத்தோம். கட்டும்போதே செய்திருந்தால் ஆறு அங்குலச் சுவர் குறைந்திருக்கும், அவ்வளவுதான். வீட்டில் ஒரு படுக்கையறைக்கும் அதன் குளியலறைக்குமாவது 900 மில்லிமீட்டர் சுத்தமான வழி விடுங்கள். சக்கர நாற்காலிக்கு அரசு வழிகாட்டுதல்கள் கேட்கும் அளவும் அதுதான். அதற்கு நிலையின் வெளி அளவு மூன்றரை அடி வர வேண்டும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் சுவர் எழும்பும் முன்பே முடிவு செய்யுங்கள். படுக்கையறைக் கதவு உள்ளே, பக்கத்துச் சுவரை ஒட்டிச் சாய்கிற மாதிரி திறக்க வேண்டும். கைப்பிடி இருக்கும் பக்கம் சுவிட்ச் போர்டு வர வேண்டும். கதவுக்குப் பின்னால் போய் சுவிட்ச் தேடுகிற வீடுகள் நிறைய இருக்கின்றன. எலக்ட்ரீஷியன் பைப் போடும்போது யாரும் அவரிடம் கதவு எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை, அதனால் வந்தது. வயதானவர்கள் பயன்படுத்தும் குளியலறைக் கதவு வெளியே திறப்பது நல்லது. உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே தடுத்துவிடும்.

நிலைக்கு என்ன மரம்

எங்கள் பக்கம் அயனி கிடைக்கும். நிலைக்கு அதைவிட எனக்குப் பிடித்த மரம் இல்லை. தேக்கைவிட விலை குறைவு, ஈரத்தைத் தாங்கும், உளிக்கும் படியும். மற்ற ஊர்களில் வேங்கை, மருது, கோங்கு, நன்றாக முற்றிய நாட்டு வேம்பு எல்லாம் நிலைக்கு நல்லதுதான். உள்ளறைக்குத் தேக்கில்தான் நிலை வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். இளந்தேக்கின் வெள்ளைக் கட்டையைவிட முற்றிய வேம்பின் வயிரம் (நடுக்கட்டை) மேல். எந்த மரம் என்பதைவிட, வயிரப் பகுதியா, காய்ந்ததா என்பதே பெரிய கேள்வி. வெளிறிய ஓரக்கட்டை இருந்தால் கரையானும் மரம் துளைக்கும் உளுவும் அங்கேதான் முதலில் இறங்கும்.

காய்ந்திருக்கிறதா என்று பார்க்க ஈரமானி என்ற சின்னக் கருவி இருக்கிறது. இரண்டு ஊசியை மரத்தில் குத்தினால் சதவீதம் காட்டும். 12 சுற்றி இருந்தால் நல்லது, எங்கள் மாதிரி ஈர ஊரில் 14 வரை சரி. 20 காட்டுகிற மரத்தில் நிலை செய்தால் அது சுவருக்குள் போன பிறகு காயும், காயும்போது முறுக்கும். அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. மரக்கடையில் மீட்டர் இல்லை என்றால் தச்சரைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இன்றைக்குப் பெரும்பாலான தச்சர்களிடம் இருக்கிறது.

கன அடிக் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். 5 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டம், 3 × 7 நிலை. கால்கள் இரண்டும் 14 அடி, மேல்சட்டம் பொருத்துக்கு விட்டதையும் சேர்த்து மூன்றரை அடி, ஆக பதினேழரை அடி. 5 × 3 ஐ 144 ஆல் வகுத்து 17.5 ஆல் பெருக்கினால் 1.82 கன அடி. 4 × 3 சட்டமென்றால் 1.46. இந்த அளவு இழைப்பதற்கு முன்பா பின்பா என்று கட்டாயம் கேளுங்கள். இழைத்து முடிக்கும்போது ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் போகும், 5 × 3 என்று காசு கொடுத்தது கையில் நாலேமுக்காலுக்கு இரண்டேமுக்காலாக வரும். நாலரை அங்குலச் செங்கல் சுவர் இரண்டு பக்கப் பூச்சோடு ஐந்தரை அங்குலம் வரை வந்துவிடும், அதற்கு 4 அங்குல நிலை உள்ளே அமுங்கித் தெரியும். அந்த இடத்தில் 5 போடுவதே அழகு.

குளியலறைக்கு மட்டும் மர நிலை வேண்டாம் என்பேன். கிரானைட் நிலை போடுங்கள். தண்ணீரும் கரையானும் அதை ஒன்றும் செய்யாது. கீல் வரும் இடத்தைக் கல் வெட்டும்போதே அளந்து துளை போட்டு வாங்க வேண்டும், பிறகு துளைத்தால் ஓரம் பிளக்கும். கல் பிடிக்கவில்லை என்றால் டபிள்யூ.பி.சி. நிலை, அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்தது. மரம்தான் வேண்டும் என்றால், நிலைக்காலின் அடி தரையைத் தொடாமல் அடியில் ஒரு கிரானைட் துண்டு கொடுத்து அதன் மேல் நிறுத்துங்கள். மர நிலை அழுகுவது எப்போதும் கீழேயிருந்து அரை அடிக்குள்தான்.

எந்த அறைக்கு எந்தக் கதவு

படுக்கையறைகளுக்கு ஃப்ளஷ் கதவு போதும். உள்ளே மரத்துண்டுகளை நெருக்கி ஒட்டி, இரண்டு பக்கமும் பிளைவுட் அழுத்தியது. ஐ.எஸ்.ஐ. தரத்தில் இதற்கு எண் ஐ.எஸ். 2202. கதவின் மேல் இந்த எண்ணும் சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால் உண்மையான முத்திரையா என்று தெரிந்துவிடும். கடையிலேயே நின்று பாருங்கள், ஒரு நிமிட வேலை. தடிமன் 30 அல்லது 35 மி.மீ. எடுங்கள். 25 மி.மீ. கதவு அலமாரிக்குச் சரி, அறைக்கு வேண்டாம், பூட்டின் பெட்டி அதற்குள் சரியாக உட்காராது.

உள்ளே என்ன மரம் என்று கேளுங்கள். எங்கள் மாவட்டம் ரப்பர் தோட்டங்கள் நிறைந்தது, வெட்டிய ரப்பர் மரம் பலகையாகிக் கதவுக்குள்ளும் வருகிறது. மருந்து ஏற்றிய ரப்பர் மரம் தப்பில்லை. மருந்து ஏற்றாததில் உளு விழும். கதவுக்கு அடியில் தரையில் மாவு மாதிரி கொட்டிக் கிடந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

சட்டமும் பலகையுமாகச் செய்யும் மரக் கதவு வேண்டும் என்பவர்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில்தான் மழைக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். அதனால் நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) பசை போடாமல் சும்மா சொருகி விட வேண்டும். உள்ளே கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். அசையாமல் இருக்கட்டுமென்று ஆணியோ பசையோ போட்டால் பங்குனி வெயிலில் பலகை நடுவில் வெடிக்கும். பலகையைச் சொருகும் முன்பே அதன் ஓரத்துக்கு ஒரு கோட்டுப் பாலிஷ் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சுருங்கும்போது வெள்ளைக் கோடு தெரியும். பத்மநாபபுரம் அரண்மனையில் மர வேலை இத்தனை காலம் நிற்பதைப் பார்க்கிறோம். நல்ல மரம் ஒரு காரணம். ஓட்டுத் தாழ்வாரம் அகலமாக இறங்கி மழையைத் தள்ளியே வைத்திருப்பது இன்னொரு காரணம். தாழ்வாரமே இல்லாத இன்றைய பெட்டி வீட்டில் பால்கனிக் கதவுக்கு அதே மரத்தைப் போட்டு அதே ஆயுளை எதிர்பார்க்க முடியாது.

குளியலறைக்கு டபிள்யூ.பி.சி. அல்லது எஃப்.ஆர்.பி. (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) கதவு. டபிள்யூ.பி.சி. ஊறாது, கரையான் தொடாது. கனம் அதிகம், நேர் வெயில் படும் இடத்தில் வளையக்கூடும், ஸ்க்ரூவைச் சரியான துளை போடாமல் முறுக்கினால் பிடிப்பு போய்விடும். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டால் குளியலறைக்கு இப்போது அதைவிட நல்ல தேர்வு இல்லை. மலிவான பி.வி.சி. கதவு வாடகை வீட்டுக்கு ஓடும். மெல்லிய தகட்டில் பேனல் வடிவம் அழுத்தி வரும் மெம்பிரேன், மோல்டட் கதவுகள் பார்க்க அழகு, உலர்ந்த அறைக்கு மட்டும்.

கடையில் பார்க்க வேண்டியது

கதவை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு பார்வையை ஓட்டுங்கள். அப்புறம் மூலைக்கு மூலை நூல் பிடியுங்கள். நூலுக்கும் பலகைக்கும் நடுவே 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் நான் அந்தக் கதவை எடுக்க மாட்டேன். மேலிருந்து கீழ்வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சத்தம் டொக்கென்று மாறினால் உள்ளே துண்டுகளுக்கு நடுவே காலியிடம் இருக்கிறது, பூட்டோ கீலோ அந்த இடத்தில் வந்தால் ஸ்க்ரூ பிடிக்காது. லேமினேட் ஒட்டிய கதவு என்றால் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கம் லேமினேட், மறுபக்கம் பெயின்ட் என்று காசை மிச்சம் பிடித்தால் ஈரம் ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கி, கதவு வளைந்துபோகும்.

கீல் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். ஃப்ளஷ் கதவு ஒன்று 25 கிலோவிலிருந்து 35 கிலோ வரை இருக்கும். அதற்கு 4 அங்குலக் கீல் மூன்று, 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். கனமான டபிள்யூ.பி.சி. கதவுக்கு 5 அங்குலம். சில கடைகளில் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை பாருங்கள், 304தான் என்பார்கள். மலிவான 202 தர ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது. கீலின் மேல் 304 என்று பொறித்திருக்கிறதா, பெட்டியில் தயாரிப்பாளர் எழுதியிருக்கிறாரா, பில்லில் போட்டுத் தருவார்களா என்று பாருங்கள். கடற்காற்றில் 202 இரண்டு மூன்று வருடத்தில் பழுப்புக் கண்ணீர் வடிக்க ஆரம்பித்துவிடும்.

வீட்டுக்கு வந்த கதவுகளைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். சமமான மூன்று கட்டைகளின் மேல் படுக்கப் போட்டு அடுக்குங்கள். சாய்த்து வைத்த கதவு மாட்டும் முன்பே வளைந்துவிடும். பூச்சு வேலை, டைல்ஸ் வேலை முடிந்து சுவர் காயும்வரை கதவை அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். புதுப் பூச்சு விடும் ஈரம் முழுவதையும் அது குடித்துவிடும்.

நிலை நிறுத்துவது

கட்டும்போதே நிலையை வைத்துச் சுவர் எழுப்புவது நம் வழக்கம். தலைவாசலுக்கு அப்படியே செய்யுங்கள். உள்ளறைகளுக்கு, நிலையின் வெளி அளவைவிடப் பக்கத்துக்கு அரை அங்குலம் கூடுதலாக வாசல் விட்டுச் சுவர் கட்டி, பூச்சுக்குப் பிறகு நிலையை நிறுத்துவதையே நான் சொல்வேன். சுவருக்கு ஊற்றும் கியூரிங் தண்ணீரில் நிலை ஊறாது, கொத்து வேலையில் அடிபடாது, நேராக நிறுத்தவும் கைக்கு இடம் இருக்கும். சுவரோடு சேர்த்துத்தான் வைப்பது என்றால், நிலையின் அடியில் இரண்டு கால்களுக்கும் நடுவே மேலே இருக்கும் அகலத்துக்கே ஒரு குறுக்குக் கட்டை அடியுங்கள். அது இல்லாவிட்டால் செங்கல் அடுக்க அடுக்கக் கால்கள் உள்ளே நெருங்கிவிடும். நிலையைச் சுவரோடு பிடிக்கப் பக்கத்துக்கு மூன்று ஹோல்டு ஃபாஸ்ட் தகடு, ஒவ்வொன்றையும் கான்கிரீட்டில் புதைக்க வேண்டும். சுவரை ஒட்டும் முதுகுப் பக்கம் தார் அல்லது கரையான் மருந்து அடிக்காமல் எந்த நிலையும் உள்ளே போகக் கூடாது.

முதல் வேலை தரைமட்டம். டைல்ஸ் போட்டு முடிந்தால் தரை எங்கே வரும் என்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாய்) வைத்து, வீடு முழுக்க எல்லா வாசலிலும் ஒரே உயரத்தில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டிலிருந்துதான் எல்லா நிலைக்கும் மேல்சட்டத்தின் உயரம் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால், கரடுமுரடான தரை ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால், ஹாலில் நின்று பார்க்கும்போது கதவுகளின் தலை ஏறி இறங்கித் தெரியும்.

கீல் வரும் காலை முதலில் நிறுத்துங்கள். தூக்குக்குண்டை அதன் முகத்திலும் பக்கத்திலும், இரண்டு பக்கமும் விட்டுப் பாருங்கள். ரசமட்டம் (ஸ்பிரிட் லெவல்) நீளமானதாக, 4 அடியாவது இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஓரடி ரசமட்டம் ஏழடி நிலைக்குப் பொய் சொல்லும். ஆப்புச் சக்கைகளை ஸ்க்ரூ வரும் இடங்களுக்குப் பக்கத்தில் எதிரெதிராக இரண்டிரண்டாகச் சொருகுங்கள். பிறகு மேல்சட்டத்துக்கு மட்டம் பார்த்து, கடைசியாகப் பூட்டு வரும் காலை நிறுத்துங்கள். அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். மூலைவிட்டம் இரண்டும் ஒரே அளவு வர வேண்டும்.

இதோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். இன்னும் ஒன்று பாக்கி: முறுக்கு. இரண்டு காலும் தனித்தனியே நேராக இருக்கலாம், ஆனால் ஒன்று சுவருக்குள் கொஞ்சம் பின்வாங்கி, மற்றது முன்வந்து நிற்கலாம். இதைக் கண்டுபிடிக்க மூலைக்கு மூலை இரண்டு நூல் கட்டுங்கள். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கடக்க வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தாலோ ஒன்று மற்றதை அழுத்தினாலோ நிலை முறுக்கி நிற்கிறது. அந்த நிலையில் எவ்வளவு நேரான கதவை மாட்டினாலும் மேலே மூடினால் கீழே மூடாது, கீழே மூடினால் மேலே மூடாது. நூலை இடம் மாற்றி மேல்கீழாகக் கட்டி இன்னொரு முறை பாருங்கள். இரண்டு நூல், ஐந்து நிமிடம். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

எல்லாம் சரியென்றால் ஃபிரேம் ஃபாஸ்டனர் என்ற நீள ஸ்க்ரூவால் நிலையைச் சுவரோடு பிடியுங்கள். கீல் தகடு வரும் இடத்தில் துளை போட்டால் தலை கீலுக்கு அடியில் மறைந்துவிடும். ஒவ்வொன்றையும் முறுக்கிய பிறகு மறுபடி தூக்கு பாருங்கள், முறுக்கும்போது கால் சுவர்ப்பக்கம் இழுபடும். இடைவெளியில் பி.யு. ஃபோம் என்ற விரியும் நுரையை அடிக்கலாம், சத்தமும் பூச்சியும் தடுக்க அது நல்லது. ஃபோமே நிலையைப் பிடித்துக்கொள்ளும் என்று ஸ்க்ரூவைக் குறைக்கக் கூடாது.

பழைய வீட்டில் நிலையை வைத்துக்கொண்டு கதவை மட்டும் மாற்றுவதாக இருந்தால், நிலையின் அடியை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நுழைந்தால் அந்த நிலை போனது. உறுதியாக இருந்தால், நிலையில் கதவு உட்காரும் காடியின் ஆழத்தை அளந்து, அதே தடிமனில் கதவு எடுங்கள். பழைய மரக் கதவுகளின் காடி ஒன்றரை அங்குலம் இருக்கும், அதில் 30 மி.மீ. கதவு போட்டால் உள்ளே அமுங்கி நிற்கும்.

கதவு மாட்டுவது

காடிக்குள் உள்ள அகலத்தில் மிகக் குறைந்ததை எடுத்து, அதிலிருந்து 6 மி.மீ. கழியுங்கள். பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி. மேலேயும் 3. கீழே டைல்ஸிலிருந்து 5 அல்லது 6, மிதியடி போடுகிற இடமென்றால் இன்னும் கூடுதல். ஃப்ளஷ் கதவின் ஓரத்தில் உள்ள முழுமரச் சட்டம் அகலமில்லாதது. ஒரு பக்கத்தில் கால் அங்குலத்துக்கு மேல் சீவ வேண்டி வந்தால் அந்தக் கதவு உங்கள் நிலைக்கு ஏற்ற அளவு இல்லை, வேறு அளவு வாங்குங்கள். பூட்டுப் பக்க விளிம்பை நேராக இழைக்காமல், மூடும்போது முதலில் நிலைக்குள் நுழையும் முகத்தை 2 மி.மீ. குறைவாகச் சாய்த்து இழைக்க வேண்டும். அப்போதுதான் கதவு சுழன்று வரும்போது அந்த முனை நிலையில் இடிக்காது.

கீலுக்கு இடம் எடுப்பதில்தான் தச்சரின் கை தெரியும். மேல்கீல் கதவின் தலையிலிருந்து 8 அங்குலம், கீழ்க்கீல் அடியிலிருந்து 10 அங்குலம், மூன்றாவது இரண்டுக்கும் நடுவே. கதவின் கனம் மேல்கீலைத்தான் இழுக்கும் என்பதால் சிலர் மூன்றாவதைக் கொஞ்சம் மேலே தள்ளி வைப்பார்கள், அதுவும் நல்லதுதான். கீலை வைத்துப் பென்சிலால் வரையாமல் கூர்மையான கத்தியால் கோடு கீறுங்கள். கத்திக் கீறலில் உளி தானாக வந்து உட்காரும், மரம் கோட்டைத் தாண்டிச் சிலும்பாது. உள்ளே கால் அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே உளியால் கொத்தி, பிறகு பக்கத்திலிருந்து உளியைப் படுக்கவைத்து மெதுவாகச் சீவி எடுங்கள். ஆழம் கீல் தகட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவே. தகட்டை வைத்து விரலால் தடவினால் மரமும் இரும்பும் ஒரே சமமாக இருக்க வேண்டும். ஆழம் கூடினால் கதவு முழுக்க மூடாமல் திமிறி நிற்கும். அப்படி ஆகிவிட்டால் தகட்டுக்கு அடியில் மெல்லிய அட்டை வைத்துச் சரிசெய்யலாம்.

ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்து ஏற்றும் ஆட்களை அங்கேயே நிறுத்துங்கள். துளை போட்டு, ஸ்க்ரூவில் கொஞ்சம் மெழுகு தடவி, முறுக்கித்தான் ஏற்ற வேண்டும். அடித்து ஏற்றிய ஸ்க்ரூ மரத்தின் நாரை அறுத்துக்கொண்டு போகும், ஆறு மாதத்தில் தளரும். முதலில் கீலுக்கு ஒரே ஒரு ஸ்க்ரூ போட்டுக் கதவைத் தூக்கி மாட்டி, திறந்து மூடிப் பாருங்கள். நான்கு பக்க இடைவெளியும் சமமாக வந்த பிறகு மீதி ஸ்க்ரூ. மேல்கீலில் நிலைப்பக்கம் ஒன்றிரண்டு ஸ்க்ரூ 2 அங்குலத்துக்குக் குறையாமல் போடுங்கள்.

கதவை எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். கால்வாசி திறந்து கையை எடுங்கள், பாதி திறந்து கையை எடுங்கள். தானாக நகர்ந்தால் கீல்கள் ஒரே தூக்கில் இல்லை. தச்சருக்குக் கூலி கொடுக்கும் முன் இதை நீங்களே செய்து பாருங்கள்.

பூட்டு தரையிலிருந்து மூன்று அடிக்கும் மூன்றரை அடிக்கும் இடையே. கதவின் தடிமனுக்குள் புதையும் மார்டைஸ் பூட்டுக்குத் துளை போடும்போது ஒரு பக்கத்திலிருந்து முழுக்கத் துளைக்காமல், இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதியாகத் துளைத்தால் பிளைவுட் பிய்யாது. குளியலறைக்கு, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் வகைப் பூட்டைப் போடுங்கள். குழந்தையும் வயதானவரும் இருக்கும் வீட்டில் உள்தாழ்ப்பாள் மட்டும் இருப்பது ஆபத்து.

எல்லாம் பொருந்திய பிறகு கதவைக் கழற்றுங்கள். ஆமாம், கழற்ற வேண்டும். கதவுக்கு ஆறு முகம். முன், பின் இரண்டை எல்லோரும் அடிப்பார்கள். தலை, அடி, பக்க விளிம்புகள், பூட்டுக்குக் குடைந்த உட்புறம் எல்லாவற்றுக்கும் பிரைமரும் இரண்டு கோட்டுப் பெயின்ட்டும் வேண்டும். ஈரம் ஏறுவது பெரும்பாலும் அடி விளிம்பு வழியாகத்தான், தரை துடைக்கும் ஒவ்வொரு முறையும். கதவு நிலையில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அடியில் பிரஷ் போகாது, அதனால் பெயின்டர் விட்டுவிடுவார். ஒரு கண்ணாடியை அடியில் நீட்டினால் வெறும் மரம் தெரியும்.

பின்னால் வரும் சின்னச் சிக்கல்கள்

பூட்டுப் பக்கத்தின் மேல்மூலை நிலையில் உரசினால் மேல்கீலின் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். சீவ வேண்டாம், ஸ்க்ரூவை மாற்றுங்கள். துளை பெரிதாகிவிட்டிருந்தால் மரக்குச்சியில் பசை தடவி அடித்து, காய்ந்ததும் வெட்டிவிட்டுப் புதுத் துளை போடுங்கள். கீல் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசி சேர்ந்து பிசினாகும். கீலின் ஊசியைக் கழற்றித் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். தாழ்ப்பாள் துளையில் விழவில்லை என்றால் கதவு இறங்கியிருக்கிறது, அதற்கும் முதலில் மேல்கீலைத்தான் பார்க்க வேண்டும். துளையைப் பெரிதாக்குவது கடைசி வழி.

மழைக்காலத்தில் கதவு ஒட்டுகிறது என்று உடனே இழைப்புளியைக் கூப்பிடாதீர்கள். உரசும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். தை, மாசியில் மரம் காய்ந்ததும் பாருங்கள். அப்போது இடைவெளி வந்துவிட்டால் அடி விளிம்பிலும் தலை விளிம்பிலும் பெயின்ட் போயிருக்கிறதா என்று பார்த்து அதை மூடினாலே போதும். காய்ந்த பிறகும் உரசினால் கோட்டுவரை மட்டும் சீவுங்கள், சீவிய இடத்துக்கு அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள்.